ராவணனுக்கு எத்தனை மோட்டார்?

(பாலக்காடு, இடுக்கி எல்லையோரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ப்ராஜெக்ட்' கடிதங்கள். கலையையும் கம்ப்யூட்டரையும் கோத்து ஏதாவது செய்தே தீருவது என்று பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. சினிமா கிசுகிசு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.)

கொழிஞ்சாம்பாறை, இன்ஜினீயரிங் மாணவர்: கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தோல்பாவைக்கூத்து ராவணனை ரோபோ ஆக்கப்போகிறோம். பத்துத் தலை, இருபது கை. எத்தனை மோட்டார் வாங்குவது?

ஒன்று. கடைக்காரர் இருபது என்றால் நம்பாதீர்கள்.

தோல்பாவைக்கூத்தின் பெரும்பாலான பாவைகளில் அசைவது ஒரே ஒரு கைதான். மற்ற கைகளும் தலைகளும் கிரீடங்களும் ஒரே தோலில் வெட்டியவை. அவை அசைவதில்லை, அசைவதாக நமக்குத் தோன்றும். அந்த ஒரு கையை எப்போது தூக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாவையாட்டும் புலவரின் முழு வித்தையும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் நீல நிறக் குட்டி சர்வோ 9 கிராம்தான் எடை, 180 டிகிரி சுற்றும், தோல் கையைத் தூக்கப் போதும். ஆனால் 'தூக்கு' என்று ஒரே கட்டளை கொடுத்தால் ராவணன் ட்ராஃபிக் போலீஸ் மாதிரி விறைப்பாகத் தூக்குவான். ஒவ்வொரு டிகிரியாக, நடுவில் சில மில்லி செகண்ட் விட்டு, தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மறுபடி மெதுவாக நகர்த்துங்கள். கோபம் வந்தவன் கை அப்படித்தான் எழும்.

இரண்டாவது மோட்டார் ஒன்றுக்கு இடம் உண்டு. பாவையை மொத்தமாகத் திரையிலிருந்து முன்னும் பின்னும் நகர்த்த. கூத்து நடக்கும் கோயில் மேடையான கூத்துமாடத்தில் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவார்கள். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கத்தியால் வெட்டியது போல நிற்கும். கொஞ்சம் விலக்கினால் ஒவ்வொரு விளக்கும் தன் பங்குக்கு ஒரு நிழல் போட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருவம் மங்கி, பெரிதாகி, நடுங்கும். போர்க்களக் காட்சியின் பாதி இந்த விலக்கலில்தான் நடக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் முழு மதிப்பெண் கேட்டு வாங்குங்கள்.

பாலக்காடு, டிப்ளமோ மாணவர்: அந்த ராவண ரோபோவை வேறு யாரும் ஏற்கெனவே செய்துவிடவில்லையே?

செய்துவிட்டார்கள், உங்கள் ஊரிலேயே. பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் ரோபோ இயக்கும் தோல்பாவைகளை வைத்தது 2021-இல் நாடெங்கும் செய்தியானது. தொழில்நுட்பம் திருச்சூர் இங்கர் ரோபோடிக்ஸ் நிறுவனத்துடையது. பாவையும் கூத்தறிவும் ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திர புலவர் குடும்பத்துடையவை. அதே 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் அறிவிக்கப்பட்டது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது கம்பெனியை அல்ல, கூட்டணியை. கூத்துக்காரரைப் பேட்டி எடுத்துக்கொண்டு போய் எஞ்சினீயர்கள் தனியாகச் செய்யவில்லை. கூத்துக் குடும்பமே கூட உட்கார்ந்தது. உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் சர்க்கியூட் படம் இருந்து, நன்றியுரையின் கடைசி வரியில் மட்டும் 'உள்ளூர்க் கலைஞர்கள்' என்று இருந்தால் அதை முதலிலிருந்து எழுதுங்கள்.

கொல்லங்கோடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பகவதி கோயில் கலையில் எந்திரத்தை நுழைப்பது அபசாரம் இல்லையா? இளைஞர்களைத் தூண்டிவிடுகிறீர்களே?

ஐயா, கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கூத்து யாருக்காக நடக்கிறது? ராமன் ராவணனைக் கொன்றபோது பத்ரகாளி தாரிகாசுரனோடு சண்டையில் இருந்தாள். அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. அவளுக்காகவே ஆண்டுதோறும் ஆடிக் காட்டுகிறோம் என்பது ஐதீகம். அதனால்தான் கூத்துமாடம் சந்நிதியைப் பார்த்து நிற்கிறது. 7, 14, 21 என்று தொடங்கி சில கோயில்களில் 71 இரவுகள் வரை நடக்கும் கூத்தில், நள்ளிரவுக்கு மேல் எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகள் நிறைய. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பார்த்து வியந்து 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆள் இல்லாத திடலைப் பார்த்து விடிய விடிய அர்த்தம் சொல்லும் கலை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

நமக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அந்த மாடத்துக்குள் பாடுவது பெரும்பாலும் கம்பன். பாட்டு தமிழ், விளக்கத்தில் மலையாளம் கலந்து வரும். வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கம்பனுக்கு மேடை போட்டு, மாலை போட்டு, பட்டிமன்றம் வைக்கிறோம். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து அம்மனுக்கு ஒப்பிக்கிறார்கள்.

அந்த விளக்கம்தான் கூத்தின் உயிர். ஒரு புலவர் பாட்டைச் சொல்ல, இன்னொருவர் கேள்வி கேட்க, இலக்கணம், வைத்தியம், தர்மசாஸ்திரம் என்று பேச்சு கிளைவிட்டுப் போகும். சர்வோ கையைத் தூக்கும், தர்க்கம் பண்ணாது. ஆகவே கூத்துமாடத்துக்குள் ரோபோ வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி. அருங்காட்சியகம் வேறு. பகல் பதினோரு மணிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராமனை யார் ஆட்டிக் காட்டுவது? விடிய விடிய ஆடிய புலவரை எழுப்பவா? அங்கே ரோபோ நல்ல வரவேற்பாளர். அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையாவது இரவுக் கூத்துக்குப் போனால் லாபம்.

கலையைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தது ரோபோவும் அல்ல. ராமச்சந்திர புலவரின் தந்தை கிருஷ்ணன்குட்டி புலவர் காலத்திலேயே அது வெளிமேடை ஏறிவிட்டது. மகன் காலத்தில் காந்தி கதையும் இயேசு கதையும் பாவையாகின. அப்போதும் 'அபசாரம்' என்று யாராவது கடிதம் எழுதியிருப்பார்கள்.

நெம்மாறா, கல்லூரி மாணவி: ரோபோ ராமனை ஆட்டலாம், பெண்கள் ஆட்டக்கூடாதா?

நல்ல அடி. வழக்கப்படி கூத்துமாடம் ஆண்களுடையது. ஆனால் ராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா பெண்களை மட்டும் சேர்த்துக் குழு அமைத்து, கோயில் மாடத்துக்கு வெளியே பாவைக்கூத்து நடத்திவருகிறார். கதையும் பெண்களைப் பற்றியது. ரோபோ செய்திக்கு விழுந்த கேமரா வெளிச்சத்தில் கால்வாசியாவது அந்தக் குழுவுக்கு விழுந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரி விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தால், விடை சொல்லிவிட்டேன்.

வடக்கஞ்சேரி, வாசகர்: திருச்சூர்ப் பக்கம் கோயிலில் ரோபோ யானையைக் காணிக்கையாக நடையிருத்தினார்களே, அதற்கு மதம் பிடிக்குமா?

பிடிக்காது. சார்ஜ்தான் தீரும்.

கேலிக்கு அப்பால் ஒரு விஷயம். 2023-இல் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு வந்த 'ராமன்' என்ற அந்த யானை 11 அடி உயரம், 800 கிலோ. வழங்கியது பீட்டா இந்தியா. செய்தது ஜப்பான்காரர் அல்ல, சாலக்குடிக் கலைஞர்கள். இரும்புச் சட்டம் போட்டு, ரப்பர் போர்த்தி, மோட்டார் வைத்துக் காதும் வாலும் துதிக்கையும் ஆட வைத்திருக்கிறார்கள். நூறு பேர் தோளுரசி நிற்கும் வெடிச்சத்தத்தில் நிஜ யானையை நிறுத்துவதைவிட இது தேவலை என்பது என் கட்சி. பூரப் பிரியர்கள் திட்டி எழுதலாம், முகவரி பழையதுதான்.

சித்தூர், பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம் மாணவி: பள்ளியில் ரோபோட்டிக்ஸ் கிட் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் படம் வரையத்தான் பிடிக்கும். ஒயரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. அந்தப் பெட்டி என்னைப் போன்றவளுக்கு எதற்கு?

அம்மா, அந்தப் பெட்டியே உன்னைப் போன்றவளுக்காகச் செய்ததுதான். கதை கேள்.

இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு டிசைன் பள்ளி இருந்தது. படிக்க வந்தவர்கள் வரையத் தெரிந்தவர்கள், வடிவம் யோசிக்கத் தெரிந்தவர்கள், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்கள். விளக்கு எரிய வைக்கவும் மோட்டார் சுற்ற வைக்கவும் அப்போது கிடைத்த பலகைகள் விலையும் அதிகம், தலைவலியும் அதிகம். கொலம்பியாவிலிருந்து வந்திருந்த ஹெர்னாண்டோ பர்ராகான் என்ற மாணவர், ஓவியனும் சிற்பியும் பயமில்லாமல் தொடக்கூடிய ஒரு பலகையையும் அதற்கான எளிய மென்பொருளையும் தன் பட்டமேற்படிப்பு ப்ராஜெக்ட்டாகச் செய்தார். பெயர் 'வயரிங்'. வருடம் 2003. அவருக்கு வழிகாட்டிய இருவரில் ஒருவர் கேஸி ரியாஸ். ஓவியர்கள் நிரல் எழுதுவதற்காக 2001-இல் 'ப்ராசஸிங்' என்ற மொழியை பென் ஃப்ரையோடு சேர்ந்து உருவாக்கியவர். இன்னொருவர் மாசிமோ பான்சி.

வயரிங்கை அடித்தளமாக வைத்து, இன்னும் மலிவாக, 2005-இல் பான்சியும் கூட்டாளிகளும் வெளியிட்டதுதான் ஆர்டுயினோ. அவர்கள் அப்போது போய் உட்கார்ந்த மதுக்கடையின் பெயர் அது. கடைக்கு அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசனிடமிருந்து வந்தது. ராஜா பெயரில் கடை, கடை பெயரில் சர்க்கியூட்! தனக்குச் சேர வேண்டிய பெயர் சேரவில்லை என்று பர்ராகான் பின்னாளில் விரிவாக எழுதினார். மாணவன் உழைப்பும் வாத்தியார் பெயரும் எல்லா ஊரிலும் உள்ள கதை.

அந்த ஆர்டுயினோதான் உன் மேசைமேல் இருக்கும் பச்சையோ நீலமோ ஆன பலகை. கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களைத் தொடங்கி, அனிமேஷனையும் நிரலையும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. 2025-இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாகி, சுமார் 29,000 கிட்டுகள் பள்ளிகளுக்குப் போயின. பெட்டியைத் திறந்து பார்: எல்.இ.டி., குட்டி சர்வோ, வெளிச்சத்தை அறியும் எல்.டி.ஆர்., ஒரு பஸ்ஸர், ப்ரெட்போர்டு, ஒயர்கள்.

ஒயரைத் தொடாதே. முதலில் ஒரு முகம் வரை. கண்ணுக்கு இரண்டு துளை போடு. பின்னால் எல்.இ.டி. வை. எல்.டி.ஆரைச் சேர்த்து, அறை இருட்டானால் கண் விழிக்கும்படி செய்யச் சொல்லி ஒயர் பிடித்த தோழியிடம் கேள். ஒரு வாரத்தில் நீயே ஒயரைப் பிடுங்குவாய். 'எனக்கு வரையத்தான் வரும்' என்று ஒதுங்கும் பிள்ளைகளை வாத்தியார்கள் சார்ட் எழுத உட்கார வைக்கிறார்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதே.

வேலந்தாவளம், ஒரு தகப்பனார்: மகன் டிசைன் படிக்கிறேன் என்கிறான். பெயின்டர் வேலைக்கா லட்சம் கட்டுவது?

பெயின்டர் வேலையும் மட்டமில்லை. தினக்கூலி கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே ஆசை வரும்.

ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் எழுதக்கூடிய 'யூசீட்' தேர்வை ஐ.ஐ.டி. மும்பை நடத்துகிறது, ஐ.ஐ.டி.கள் சிலவற்றில் பி.டெஸ். சேர அதுதான் வாசல். அகமதாபாத்தின் தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. அது 1961-இல் தொடங்கியது, ஆக 'புதுப் படிப்பு' என்று பயப்பட ஒன்றுமில்லை. கொல்லம் சந்தனத்தோப்பில் கேரள அரசின் டிசைன் கல்லூரி இருக்கிறது. சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் கட்டணமும் குறைவு. லட்சம் கேட்கும் தனியார் இடத்தில் கையெழுத்துப் போடுமுன், அங்கே கடைசி வருட மாணவர்கள் செய்த ப்ராஜெக்ட்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆடிட்டோரியத்தை மட்டும் சுற்றிக் காட்டினால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

மறையூர், பள்ளி ஆசிரியை: எங்கள் ஊரைச் சுற்றி முனியறைகளும் பாறை ஓவியங்களும் உள்ளன. மாணவர்களை வைத்து என்ன செய்யலாம்?

பொறாமையாக இருக்கிறது உங்கள் மேல். மற்ற பள்ளிக்கூடங்கள் தெர்மாகோலில் எரிமலை செய்துகொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஊர் எல்லையிலேயே பெருங்கற்காலத்துக் கல்லறை மாளிகைகள்.

முனியறையை மாணவர்களின் ஃபோனைக் கொண்டே முப்பரிமாணப் படமாக்கலாம். ஒரே அறையைச் சுற்றிச் சுற்றி நடந்து நூறு படமாவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் முக்கால் பங்கையாவது மறுபடி காட்ட வேண்டும். மேகமூட்ட நாள் உத்தமம், வெயிலின் கறுப்பு நிழல் கணக்கைக் கெடுக்கும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் படங்களைக் கோத்து உருவம் தரும். பிளெண்டர் மென்பொருளில் அதைத் திருத்தலாம். பாறை ஓவியங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிய செங்காவி நிறத்தைத் தூக்கிக்காட்ட 'டிஸ்ட்ரெட்ச்' என்று ஒரு மென்பொருள் உண்டு. ஜான் ஹார்மன் என்பவர் பாறை ஓவியங்களுக்கென்றே எழுதியது. அதில் படத்தைப் போட்டவுடன், வெறும் பாறை என்று நினைத்த இடத்தில் மானின் கொம்பு எழுந்து வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

கண்டிப்பு இரண்டு. ஓவியம் தெளிவாகத் தெரியத் தண்ணீர் தெளிப்பது, சாக்பீஸால் ஓரம் வரைவது இரண்டையும் செய்யக்கூடாது. ஆயிரக்கணக்கான ஆண்டு வெயிலைத் தாங்கியது நம் பாசத்தைத் தாங்காது. வனத்துறை எல்லைக்குள் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே காலடி வைக்க வேண்டும்.

உடுமலை, வாசகர்: பாலக்காட்டிலிருந்து மறையூருக்கு எது குறுக்கு வழி? இரண்டும் கேரளாதானே?

கேரளத்திலிருந்து கேரளம் போகத் தமிழ்நாடு வழியாக வர வேண்டும். பொள்ளாச்சி, உங்கள் உடுமலை, சின்னாறு, மறையூர். பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்கே சேத்துமடை வழியாகத்தான் சாலை. ஆனைமலைக்கு மாநிலம் பிரித்த சேதி யாரும் சொல்லவில்லை.

கல்பாத்தி, இல்லத்தரசி: மகள் 'கோலத்தை கம்ப்யூட்டரில் போடுவேன்' என்கிறாள். வாசலில் போடச் சொன்னால் ஓடுகிறாள். இது என்ன நியாயம்?

வாசலில் போடாததற்குத் தண்டனை கொடுங்கள். கம்ப்யூட்டரில் போடுவதற்குப் பாராட்டுங்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்துக்கும் கணினி மொழியிலக்கணத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைப்பது, வளைப்பது, திரும்புவது என்று சில விதிகளைச் சொன்னால் போதும், சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் தானே விளையும் என்று காட்டினார்கள். இன்றும் உலகம் முழுவதும் கணினிக்காரர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். பாட்டிமார் எழுதிவைக்காமல் விரலில் வைத்திருந்த விதிகள் அவை.

மகளுக்கு ஒரு சவால் கொடுங்கள். ஸ்க்ராட்ச் மென்பொருளில் பேனா கட்டளைகளைக் கொண்டு, கோடு எங்கும் விட்டுப்போகாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒரு சிக்குக் கோலம் போடட்டும். அதற்கு அவள் உங்களிடம்தான் வழி கேட்டு வர வேண்டியிருக்கும்.

மூணாறு, தோட்டப் பள்ளி மாணவர்: எங்களிடம் கோயில் கலை எதுவும் இல்லை. தேயிலைதான் இருக்கிறது. நாங்கள் என்ன ப்ராஜெக்ட் செய்வது?

ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடிய ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா?

குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் மோனோரயில் போட்டார்கள். ஒரு சிறு சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில், இழுப்பது மாடு. 1908-இல் அதைச் சிறிய ரயில் பாதையாக்கினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது; மறுபடி யாரும் போடவில்லை.

இதை ஒரு மேசை அளவு மாடலாகச் செய்யுங்கள். களிமண் மலை, கம்பி ரோப்வே, சர்வோவில் நகரும் பெட்டி. ஒரு பட்டனை அழுத்தினால் நீல எல்.இ.டி. வரிசை பள்ளத்தாக்கில் ஏறி வந்து ரயில் விளக்கை அணைக்கட்டும். கூடவே உங்கள் தோட்டத்துப் பெரியவர்கள், தங்கள் பாட்டன் சொல்லக் கேட்ட வெள்ளக் கதையைத் தமிழில் சொல்வதை ஃபோனில் பதிந்து, மாடலுக்குப் பின்னால் ஒலிக்க விடுங்கள். டூரிஸ்ட் போட்டோக்களில் தேயிலைச் செடி மட்டுமே தெரிகிறது. அதைப் பறிப்பவரின் குரலும் கேட்கட்டும்.

அகளி, ப்ளஸ் டூ மாணவர்: இருளர் நடனத்தை கேமரா வைத்துப் பதிந்து, எலும்புக்கூடு உருவம் ஆடுவது போல அனிமேஷன் செய்கிறோம். மன்றத்தில் ஒருவர் 'இது திருட்டு' என்கிறார். திருட்டா?

கேட்டுச் செய்தால் கலை, கேளாமல் செய்தால் திருட்டு. கேமரா ஒன்றுதான், இரண்டு விதமாகவும் வேலை செய்யும்.

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் முதன்முறையாக ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டியில் சேர்ந்தன. உங்கள் அட்டப்பாடி இருள நிருத்தம், மறையூர்ப் பக்கத்து மலப்புலயாட்டம், குமுளிப் பக்கத்துப் பளிய நிருத்தம், வடக்கே பணிய நிருத்தம், மங்கலங்களி. சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் மதிப்பெண் வந்தவுடன் சலங்கை, மேக்கப், கோச் எல்லாம் வந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மாவுக்கு 2022-இல் பாட்டுக்குத் தேசிய விருது அறிவித்தபோது, 'முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா' என்று சிலர் முணுமுணுத்தார்களே, நினைவிருக்கிறதா? உடனே இன்னும் பலர் அவர் பக்கம் நின்றார்கள் என்பது ஆறுதல்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஊர் மூப்பரிடம் முதலில் போங்கள். எந்த ஆட்டத்தை வெளியே காட்டலாம், எது சாவுக்கும் சடங்குக்கும் மட்டும் உரியது என்று அவர் சொல்லட்டும். ஆடியவர்கள் பெயர் படத்தின் தொடக்கத்தில் வரட்டும், கடைசியில் ஓடும் பொடி எழுத்தில் வேண்டாம். முடித்த படத்தை முதலில் ஊரில் திரையிடுங்கள். அவர்கள் சிரிக்கும் இடத்தில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம், திருத்துங்கள். பரிசுத்தொகை வந்தால் பங்கு கொடுங்கள். நீங்களே அந்தச் சமூகத்துப் பிள்ளை என்றால், இத்தனை அறிவுரையும் உங்களுக்கு அல்ல, பக்கத்து பெஞ்சுக்கு.

கட்டப்பனை, டிசைன் மாணவி: கண்ணாடிப்பாயை வைத்து எல்.இ.டி. விளக்குக் கூண்டு செய்கிறேன். நன்றாக விற்குமா?

விற்கும். அதுதான் கவலை.

இடுக்கி மலையில் ஊராளி, மன்னான், முதுவான் மக்கள் ஈற்ற மூங்கிலைக் கண்ணாடி போல் மின்னும் மெல்லிய இழையாகச் சீவிப் பின்னும் பாய் அது. முழுப்பாயையும் சுருட்டி ஒரு மூங்கில் குழாய்க்குள் நுழைத்துவிடலாம், அவ்வளவு மென்மை. 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பாய் முடியப் பல வாரம் ஆகும். அதைக் கத்தரித்து நாலு விளக்குக் கூண்டு செய்வது, பட்டுப்புடவையைக் கிழித்து மேசைத்துடைப்பான் செய்வதற்குச் சமம். பின்னுபவரோடு உட்கார்ந்து, கூண்டுக்கென்றே அளவெடுத்துச் சிறியதாகப் பின்னச் சொல்லுங்கள். சூடாகாத எல்.இ.டி. என்பதால் இழை கருகாது. அந்த வகையில் உங்கள் யோசனை சரியானது. பின்னலின் சந்துகள் வழியாகச் சுவரில் விழும் நிழல்தான் உங்கள் உண்மையான டிசைன். விலைச்சீட்டில் பின்னியவரின் கூலியைத் தனி வரியாகப் போடத் துணிவு இருந்தால், முதல் கூண்டை நானே வாங்குகிறேன்.

மலம்புழா, வாசகர்: யக்ஷி சிலையில் கலை தெரிகிறது. தொழில்நுட்பம் எங்கே?

திரும்பி நில்லுங்கள், அணை தெரியும். சென்னை மாகாணம் கட்டி, 1955-இல் காமராஜர் திறந்த அணை. அதன் பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் காங்கிரீட்டில் யக்ஷியை உட்கார வைத்தார். சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர் கானாயி. நிர்வாணச் சிலை என்று அன்று கூச்சல் போட்டவர்களின் பேரன்கள் இன்று அதன்முன் செல்ஃபி எடுக்கிறார்கள்.

கஞ்சிக்கோடு, மாணவர்: ஏ.ஐ.யிடம் சொல்லிப் பாவை டிசைன் வாங்கிக் கொடுத்தால் ப்ராஜெக்ட் ஆகாதா?

ஆகும். பரிசு ஏ.ஐ.க்கு.

செய்து பாருங்கள், எங்கே மாட்டும் என்று சொல்கிறேன். தோலில் துளை போட்டுத்தான் நகையும் புடவைக் கரையும் வருகின்றன. ஒரு வட்டத்தை முழுசாக வெட்டினால் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். ஆகவே எல்லா வட்டத்திலும் எங்கோ ஒரு பாலம் விட வேண்டும். உளி பிடித்த கைக்கு அது தெரியும். ஏ.ஐ. தரும் அழகான படத்தை அப்படியே வெட்டினால் சீதையின் பாதி முகம் மேசையடியில் கிடக்கும். முதலில் அட்டையில் வெட்டிப் பழகுங்கள். 1926-இல் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையைக் கத்தரியால் வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பி கோத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் பிடித்து, ஒரு முழுநீள நிழல் சினிமாவே எடுத்தார். அவரிடம் இருந்த கருவி கத்தரியும் பொறுமையும்.

நெடுங்கண்டம், ஆசிரியர்: மாவட்டக் கண்காட்சியில் நடுவர்களைக் கவர என்ன வழி?

'உலகிலேயே முதன்முறையாக' என்ற வரியை அடித்துவிடுங்கள். தேசியக்கொடி நிற எல்.இ.டி. வேண்டாம். ஆன் செய்ததும் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று மாணவனே சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று வாயசைக்கக்கூடாது.

கோவிந்தாபுரம், மாணவர் குழு: தோல்பாவைக்கூத்தை நேரில் பார்க்க வேண்டும். எப்போது, எங்கே?

ஜனவரியிலிருந்து மே வரை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் கூத்துமாடம் எங்கே இருக்கிறதோ அங்கே. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும், விடியும்வரை போகும். டிக்கெட் கிடையாது. ஃபிளாஷ் போடாதீர்கள், நிழல் செத்துவிடும். திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க ஆசை இருந்தால் புலவரிடம் அனுமதி கேளுங்கள். மோட்டார் பட்டியலை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.